பாதம் போச்சு, தடிப்பு போகலை

கேள்வி: சென்ட் டப்பாக்களிலும் அழகுசாதன விளம்பரங்களிலும் ஓர் ஆங்கில எழுத்து வருகிறது. ஒரு கோடு தடிமன், அடுத்த கோடு மெல்லிசு. ஆனால் ‘டைம்ஸ்’ எழுத்துக்கு இருப்பதுபோல் நுனியில் பாதம் இல்லை. இதை யார், எப்போது கண்டுபிடித்தார்கள்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கண்டுபிடித்தவர் என்று ஒருவரைக் கைகாட்ட முடியாது. தடிப்பும் மெலிவும் பட்டை நிப்பு கொடுத்த வரம். நிப்பை ஒரே சாய்வில் பிடித்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். கோடு திரும்பும் திசைக்கேற்பப் பருத்தும் மெலிந்தும் வரும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் டிடோவும் பார்மாவில் பொடோனியும் இந்த வித்தியாசத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். பாதம், அதாவது செரிஃப், அப்போதும் இருந்தது. 1816 வாக்கில் லண்டனில் நான்காம் வில்லியம் காஸ்லன் பாதத்தை வெட்டிவிட்டு ஓர் அச்செழுத்தை வெளியிட்டார். பாதத்தோடு தடிப்பு மெலிவும் ஏறக்குறைய விடைபெற்றது. சான்ஸ் செரிஃப் என்றால் எல்லாக் கோடும் ஒரே கனம் என்று அச்சகத்தார் மனதில் பதிந்துபோனது அதன் பிறகுதான்.

அதைப் பெரிய அளவில் குலைத்தது 1920களின் ஆர்ட் டெக்கோ மோகம். அமெரிக்காவில் மோரிஸ் ஃபுல்லர் பென்டன் வரைந்த ‘பிராட்வே’யில் ஒரு பக்கம் தூண், மறுபக்கம் நூல். நாடகக் கொட்டகை வாசலுக்கு அது பொருத்தம். வேறெங்கும் அதை வைக்கத் துணியமாட்டேன்.

சுவையான கதை அடுத்து வருவது. கசாந்திர் என்று கையெழுத்திட்டுவந்த பிரெஞ்சு போஸ்டர் ஓவியர், ‘நார்மண்டி’ கப்பல் போஸ்டரை வரைந்தவர், 1937இல் சார்ல் பெய்ன்யோவின் வார்ப்பகத்துக்காக ஓர் எழுத்துரு செய்தார். பெயரும் ‘பெய்ன்யோ’தான். ஆங்கிலத்தின் சின்ன எழுத்துகளெல்லாம் பெரிய எழுத்துகளைக் கையால் வேகமாக எழுதி எழுதித் தேய்ந்த வடிவங்கள், அச்சு எந்திரம் அந்தத் தேய்மானத்தை ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர் வாதம். எனவே சின்ன எழுத்துகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய எழுத்தின் உருவத்தையே குறுக்கிக் கொடுத்தார். புத்தகமே இதில் அச்சாகும் என்பது அவர் கனவு. வாசகர்களின் கண் ஒத்துக்கொள்ளவில்லை. பாரிஸின் ஷையோ மாளிகைச் சுவரில் பால் வலேரியின் வரிகளைப் பொறிக்க அது உதவியது. 1970களில் ‘மேரி டைலர் மூர் ஷோ’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் தலைப்பில் வந்தது. தலைப்பு எழுத்தாகவே அது பிழைத்தது.

‘ஆப்டிமா’வுக்கு நேர்ந்தது இதற்குத் தலைகீழ். ஜெர்மன் எழுத்தோவியர் ஹெர்மன் சாப்ஃப் 1950இல் ஃபிளாரன்ஸ் போயிருந்தார். சாண்டா குரோச்சே தேவாலயத் தரையில் பதித்த பழைய கல்லறைப் பலகைகளில் பாதமில்லாத, ஆனால் நுனி லேசாக விரியும் எழுத்துகளைப் பார்த்தார். கையில் காகிதம் இல்லை. ஆயிரம் லீரா நோட்டை எடுத்து அதிலேயே வரைந்துகொண்டார். முதலில் தலைப்புகளுக்கென்றே நினைத்திருந்தவர், அமெரிக்க லைனோடைப் நிறுவனத்தின் ஜாக்சன் பர்க் சொன்ன யோசனைப்படி புத்தக வாசிப்புக்கும் ஏற்றதாக மாற்றினார். 1958இல் வெளிவந்தது. பெயர் வைத்தது விற்பனைப் பிரிவு. சாப்ஃபுக்கு அது கொஞ்சம் அலட்டலாகப்பட்டதாம். தடிப்பு மெலிவு வித்தியாசம் ‘பிராட்வே’ அளவுக்குக் கிடையாது, அதனால்தான் சின்ன அளவிலும் தாங்குகிறது. எஸ்டே லாடர் போன்ற அழகுசாதனக்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் டப்பாவில் பார்த்தது இதுவாகவோ இதன் பங்காளியாகவோ இருக்கலாம். வாஷிங்டனில் 1982இல் எழுந்த வியட்நாம் போர் நினைவுச் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்களும் இந்த எழுத்தில்தான்.

கேள்வி: இப்படி ஒரு ஃபான்டில் விசிட்டிங் கார்டு அடித்தேன். திரையில் அழகாக இருந்தது, கார்டில் பாதி கோடுகளைக் காணோம். அச்சகத்தாரின் குற்றமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அவரை விட்டுவிடுங்கள், கணக்கு உங்களுக்கு எதிராக இருக்கிறது. மெல்லிய கோடு எழுத்தின் உயரத்தில் நாற்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 72 பாயின்ட் தலைப்பில் அது அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அதையே 8 பாயின்டுக்குக் குறைத்தால் 0.05 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 300 புள்ளி போடும் பிரின்டரின் ஒரு புள்ளியே 0.08 மில்லிமீட்டருக்கு மேல். அரைப் புள்ளிக் கோட்டை அது எப்படிப் போடும்? கருநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்திருந்தால் இன்னும் மோசம், மை பரவி மிச்சத்தையும் மூடிவிடும். ஆப்டிமாவே ஆரம்பகால லேசர் பிரின்டர்களில் திணறியது. அதன் நேர்க்கோடுகள் உண்மையில் நேர்க்கோடுகள் அல்ல. நடுவில் மெல்ல ஒடுங்குபவை. புள்ளி பெரிதானால் அந்த ஒடுக்கம் படிக்கட்டாகிவிடும். பெயரை மட்டும் பெரிதாக அந்த ஃபான்டில் போட்டு, முகவரியையும் போன் எண்ணையும் ஒரே கனமுள்ள எழுத்துக்கு மாற்றுங்கள்.

கேள்வி: தமிழில் இப்படி உண்டா?
– ஒரு மாணவி, மதுரை

பதில்: ஓலையில் எழுத்தாணி கீறியதெல்லாம் ஒரே கனக் கோடு. தடிப்பு மெலிவைக் கொண்டுவந்தது ஈய எழுத்து. மேலைநாட்டுச் செரிஃப் நமக்கு ஒட்டவே இல்லை. ஆகவே ஐரோப்பியர் இத்தனை பாடுபட்டு அடைந்த ‘பாதமில்லாத தடிப்பு மெலிவு’ நம் பழைய அச்சுப் புத்தகங்களில் சர்வசாதாரணம். வீட்டில் பழைய பஞ்சாங்கம் இருந்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.