அச்சும் பொறியும்

அச்சு என்னுஞ் சொல் தமிழிற் பல பொருள் குறித்து வழங்குவது. வண்டிச் சக்கரம் சுழலுதற்கு நடுவே நிற்கும் இரும்பும் அச்சு. வெல்லம் வார்க்கும் குழியும் அச்சு. முறுக்கு உரலினுள் இடும் துளைத்தட்டும் அச்சு. நூல் பதிக்கும் எழுத்தும் அச்சே. இவற்றுள் முறுக்கச்சும் எழுத்தச்சும் தாமே தொழிற்படா. அழுத்தும் பொறியொன்றை வேண்டி நிற்பன. ஒரு பொறிக்கென அமைந்த அச்சைப் பிறிதொரு பொறியிற் பொருத்த நேரின் எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

முதலில் அடுக்களையை நோக்குவோம். ஓர் உரலின் தட்டை அதனினும் அகன்ற உரலில் இட்டால் விளிம்பில் இடைவெளி தோன்றி மா பக்கவாட்டிற் பிதுங்கும். அறிவுடைய இல்லாள் தட்டின் விளிம்பைச் சுற்றித் துணிநாடா பொதிவாள், துளையைத் தொடாள். துளை கெடின் முறுக்கின் வடிவே கெடும் என்பது அவளுக்குத் தெரியும்.

துப்பாக்கிக் குண்டு செய்வோர் கையாளும் எஃகு அச்சும் இந்நெறிக்குட்பட்டதே. உருக்கி வார்க்காமல், மெல்லிய ஈயத்தைக் குளிர்ந்தவாறே அழுத்திக் குண்டாக்கும் முறையொன்றுண்டு. சில பொறிகளில் அச்சு மேற்றலையில் திருகப்பெறும். வேறு சிலவற்றிற் கீழிருந்து எழும் தண்டின் முனையில் அமரும். எனவே ஒன்றன் அச்சு மற்றொன்றிற் பொருந்துவதில்லை. அதனைப் பொருத்துவோர் மூன்று செய்திகளை நோக்குவர்: அச்சு அசையாது அமர்தல், தண்டும் அச்சும் ஒரே நேர்க்கோட்டில் நிற்றல், தண்டின் ஓட்டம் மிகாமலும் குறையாமலும் இருத்தல். இவற்றுக்காக இடையே உறையொன்றைக் கடைந்து செருகுவர், புறமரையைத் திருத்துவர். உட்குழியை மாத்திரம் அரத்தாலுந் தீண்டார். புறத்தை மாற்றலாம், அகத்தை மாற்றலாகாது என்பதே இத்தொழிலின் விதி.

இனி எழுத்தச்சுக்கு வருவோம். அதுவும் ஈயத்தின் பிள்ளையே. ஆயினும் தனி ஈயம் மெத்தென்றிருத்தலின், அந்திமனியும் வெள்ளீயமும் கலந்து வார்ப்பர். ஆங்கில நாட்டெழுத்தின் உயரம் 0.918 அங்குலம், பிரெஞ்சு எழுத்தோ ஏறத்தாழ 0.928 அங்குலம். வேற்றுமை அங்குலத்தில் நூற்றிலொரு பங்கே. எனினும் இரண்டனையும் ஒரே பக்கத்திற் கோத்தால், நெடியது தாளைத் துளைக்கும். குறியது மை ஒற்றாது நிற்கும். நெடியதன் அடியைச் சீவுதலும் குறியதன் அடியில் தாள் ஒட்டுதலுமே பரிகாரம். இங்கும் எழுத்தின் முகம் தீண்டப்படுவதில்லை.

தமிழெழுத்துக்கு இவ்விடர் முன்னரே நேர்ந்துளது. 1712-இல் தரங்கம்பாடிக்கு அச்சுப்பொறி வந்தது. 1713-இல் செருமனியின் ஆலே நகரிலிருந்து தமிழெழுத்துகள் வந்தன. அவை மிகப் பெரியன. கிடைத்த காகிதமோ மிகக் குறைவு. ஆகவே ஆட்லர் என்னும் வினைஞர் ஆங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி பொதிந்து வந்த ஈயமே அதற்குதவியது என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். முன்னாளில் தேயிலைப் பெட்டிகளின் உட்புறத்தும் ஈயத்தாளே பொதியப்பட்டது என்பதை அறிந்த எம் மலைநாட்டு முதியோர்க்கு இச்செய்தி வியப்புத் தராது. புதிய ஏற்பாட்டின் அச்சுவேலை 1715-இல் முற்றுப்பெற்றது.

ஈழத்திலும் இத்தகைய தொடர்பு உண்டு. 1737-இற் கொழும்பில் முதற் சிங்கள நூலை அச்சிடுதற்கு எழுத்தமைத்தவர், ஒல்லாந்தக் கம்பனியின் படைக்கலச் சாலைக்குப் பொறுப்பாயிருந்த காபிரியேல் சாடே என்பவர். படைக்கலம் பேணிய கையே எழுத்தையும் வடித்தது! 1761-இற் புதுச்சேரியைக் கைப்பற்றிய ஆங்கிலப்படை அங்கிருந்த அச்சுப்பொறியையும் கவர்ந்தது. அது பின்னர்ச் சென்னை வேப்பேரியில் தமிழ்நூல் அச்சிடப் பயன்பட்டது. ஆறுமுக நாவலர் 1849-இற் சென்னை சென்று அச்சுப்பொறி வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். பொறி கைமாறியது, ஊர் மாறியது, எழுத்தின் அளவும் மாறியது. எழுத்தின் முகம் பெரும்பாலும் நிலைத்தது.

அம்முகமே மாறிய காலமும் வந்தது. ணா, றா, னா என்பனவும் அவற்றின் ஒகர ஓகார வரிசையும் முன்னர்த் தனிச் சுழி பெற்றிருந்தன. ணை, லை, ளை, னை என்பன யானைத் தும்பிக்கை போன்ற கொம்பு பெற்றிருந்தன. இப்பதின்மூன்றுக்கும் தனித்தனி எழுத்து வார்க்கவேண்டும். அச்சுக்கோப்போர் தட்டில் தனித்தனி அறை வேண்டும். தட்டச்சுப் பொறியிலோ விசைகள் அளவுபட்டன. இவ்வடிவங்களைச் சீர்படுத்துமாறு பெரியார் முன்னரே வலியுறுத்தினார். 1978-இல் தமிழக அரசு அச்சீர்திருத்தத்தை ஏற்றது. இன்று எம் நாட்டுப் பாடநூல்களிலும் புதுவடிவமே வழங்குகின்றது. கற்போர்க்கு அதனால் எளிமை உண்டாயிற்று. அதனை யாம் மறுக்கவில்லை. ஆயினும் பொறிக்காக முகம் மாறிற்று என்பதும், அந்நாளைப் பொறிகளின் வரம்பு இற்றைக் கணினிக்கு இல்லை என்பதும் அறியத்தக்கன.

இதனால் விளைந்த இழப்பொன்றுண்டு. வட்டகொடை முதலிய தோட்டப்புறங்களிற் பயிலும் மாணவர், நாவலர் பதிப்பொன்றை விரித்தால் ஒரு பக்கத்திற் பலவிடத்துத் தடைப்படுகின்றனர். பாட்டனார் கைப்பட எழுதிய கடிதமும் அவர்க்குப் பாதி ஊமையாகின்றது. மொழி தெரிந்திருந்தும் எழுத்து தெரியாமையால் முன்னோர் செல்வம் பூட்டப்பட்டுக் கிடத்தல் நன்றோ?

பரிகாரம் அரிதன்று. பொறிக்கும் அச்சுக்கும் இடையே உறை செருகுமாறு போலப் பழமைக்கும் புதுமைக்கும் இடையே ஒரு பாடம் செருகுவோம். பதின்மூன்று வடிவங்களையும் கரும்பலகையின் ஒருபுறம் பழையவாறும் மறுபுறம் புதியவாறும் எழுதி, பழைய நூலொன்றின் ஒரு பக்கத்தை வாசிப்பித்தால் ஒரு பாடவேளையே போதும். எழுதுதல் புதுமுறையிலேயே நிகழ்க; வாசித்தல் இருமுறையிலும் இயல்க.

பழைய மாணவராகிய அன்பர்களே! உங்கள் இல்லங்களிற் பழைய பதிப்புகளும் பழைய கல்லூரி மலர்களும் இருத்தல் கூடும். அவற்றைக் கல்லூரி நூலகத்துக்கு அளியுங்கள். அவற்றை வாசிக்கும் கண்களை ஆக்கித்தருதல் ஆசிரியராகிய எம் கடன்.