சவரக்கத்தி அலகின் அகலமும் முகத்தில் அதன் உணர்வும்

பெங்களூர்ப் பாளையம் 1809-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அதன் பழைய கடைவீதிப் பகுதியாகிய பிளாக்பள்ளியே பிற்காலத்தில் சிவாஜிநகர் என வழங்கலாயிற்று. தமிழும் உருதும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் இத்தகைய நகர்ப்பகுதிகளின் சவரக்கடைகளில் ஒரு காலத்தில் மடக்குக்கத்தியே முதன்மையான கருவியாக இருந்தது. அக்கத்திகளின் அலகு அகலம் அங்குலத்தின் எட்டில் ஒரு பகுதியை அலகாகக் கொண்டு குறிக்கப்படும். 4/8 முதல் 8/8 வரை உள்ளவை சாதாரணமாகக் காணப்படுபவை. ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெபீல்டு ஆகிய ஊர்களின் கத்திகளும் இம்முறையிலேயே அளக்கப்படுகின்றன.

அகலமான கத்தி அதிகக் கூர்மையுடையது என்று பலர் எண்ணுவர். இது சரியன்று. தீட்டும்போது கத்தி கல்லின்மீது படுக்கவைக்கப்படுகிறது. அப்போது முதுகும் கூர்விளிம்பும் ஒருங்கே கல்லைத் தொடுகின்றன. ஆகவே விளிம்பின் கோணத்தை நிர்ணயிப்பது முதுகின் தடிப்புக்கும் அலகின் அகலத்துக்கும் உள்ள விகிதமேயாகும். 5/8 கத்தியின் அகலம் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர், முதுகு 4.5 மில்லிமீட்டராயின் கோணம் சுமார் 16 பாகை. 7/8 கத்தியின் அகலம் 22 மில்லிமீட்டர்; முதுகு 6.2 மில்லிமீட்டராயின் அதே 16 பாகைதான். ஆசிரியர்கள் இவ்வளவுகளைப் பத்து மடங்காக்கி, அட்டையில் இரு முக்கோணங்கள் வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினால் மாணவர்க்கு உடனே விளங்கும். பல்லாண்டு தீட்டப்பெற்ற கத்தி அகலத்தில் குறைந்தாலும் முதுகும் கூடவே தேய்வதால் கோணம் அதிகமாக மாறுவதில்லை.

அங்ஙனமாயின் முகத்தில் உணரப்படும் வேறுபாடு எங்கிருந்து வருகிறது? முதலாவது எடை. ஒரே நீளமும் ஒரே வடிவ விகிதமும் உடைய இரு அலகுகளில் எஃகின் அளவு அகலத்தின் இருமடி வீதத்தில் பெருகும். 7/8 அலகில் 5/8 அலகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு எஃகு உண்டு. கைப்பிடியின் எடை அவ்வளவாக மாறாததால் பாரம் அலகின் பக்கம் சாய்கிறது. கத்தி தன் எடையாலேயே கன்னத்தில் இறங்குகிறது. இலேசான கத்தியைப் பழகாதவர் பிடித்தால் அழுத்த முற்படுவர். தோல் சிராய்ப்பதற்கு அவ்வழுத்தமே பெரும்பாலும் காரணம்.

இரண்டாவது சாய்வு. கன்னத்துக்கும் அலகுக்கும் இடையே ஏறத்தாழ 30 பாகைச் சாய்வு வேண்டும். அப்போது முதுகு தோலிலிருந்து அகலத்தில் பாதியளவு உயர்ந்து நிற்கும்: 5/8-க்கு 8 மில்லிமீட்டர், 7/8-க்கு 11 மில்லிமீட்டர். கை தவறி முதுகு 1 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டால் முன்னதில் சாய்வு சுமார் 4 பாகையும் பின்னதில் சுமார் 3 பாகையும் மாறும். ஆகவே அகன்ற கத்தி சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளும். சோப்பு நுரையையும் அதிகமாகத் தாங்கும். ஆனால் மூக்கின் அடியிலும் காதோரத்திலும் அதைத் திருப்ப இடம் போதாது. மீசையை ஒழுங்கு செய்வதற்குக் குறுகிய கத்தியே உகந்தது.

அகலம் மட்டும் எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. இருபுறமும் ஆழக் குழிவாகச் சாணை பிடித்த அலகு மெல்லியதாகி, மயிரை வெட்டும்போது நுண்ணியதாக அதிர்ந்து ஒலிக்கும்; ஆப்பு வடிவ அலகு ஓசையின்றிச் செல்லும். விளிம்பு சிதைந்திருந்தாலோ எந்த அளவுள்ள கத்தியும் இழுக்கவே செய்யும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2020-ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆராய்ச்சி இங்கு கவனிக்கத்தக்கது. எஃகு மயிரைவிட ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. எனினும் மயிர் வளைந்து கொடுக்கும்போது விளிம்பின் சீரற்ற இடங்களில் நுண்ணிய சில்லுகள் பெயர்கின்றன என அவர்கள் கண்டனர். வெந்நீரில் சில நிமிடம் ஊறிய மயிர் மென்மையடைவதால் அதை வெட்ட வேண்டிய விசை குறையும். நாவிதர் நுரையை நெடுநேரம் குழைத்துத் தடவுவது வெறும் வழக்கம் அன்று.

இன்றைய சவரக்கடைகளில் பெரும்பாலும் காணப்படுவது பிளேடின் பாதியைச் செருகும் கத்தி. சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிப்புள்ள அப்பாதிக்கு எடை என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. பிடிப்பானின் எடையே கையில் தெரியும். பழைய மடக்குக்கத்தியின் நிதானம் அதில் கிடைப்பதில்லை என்று குறை கூறுவோர் உண்டு. உணர்வைப் பொறுத்தவரை அவர்கள் கூறுவது பொருந்தும். ஆயினும் மஞ்சட்காமாலை வகைகளுள் ஒன்றை விளைவிக்கும் ஹெபடைட்டிஸ்-பி நச்சுயிரி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்புடன் இருக்கக்கூடும். கண்ணுக்குத் தெரியாத இரத்தக்கசிவே தொற்றுக்குப் போதும். கத்தியைத் துணியில் துடைப்பதோ வெந்நீரில் தோய்த்தெடுப்பதோ அதை அழிக்காது. படிக்காரக் கட்டியையும் பலருக்குப் பொதுவாக்குதல் தகாது. திருமலையின் கல்யாணக்கட்டாவில் முடிகாணிக்கை செலுத்துவோருக்குச் சீட்டுடன் புதிய பிளேடும் வழங்கப்படுவதைக் களப்பணியாளர் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். பயன்படுத்திய பாதியை மூடியுள்ள தகரப்பெட்டியில் சேர்த்து வைக்குமாறும் கடைக்காரருக்குக் கூறவேண்டும். திறந்த குப்பையில் எறியப்படும் பிளேடு, அதனை அள்ளுவோரின் விரலைத்தான் முதலில் கிழிக்கிறது.