மாநிலம் மாறும் படைவீரர் குடும்பங்களும் சிறப்புக் கல்வியின் தொடர்ச்சியும்

டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் ஹூட் படைத்தளத்திலிருந்து நியூ ஜெர்சியின் மெக்குவயர்-டிக்ஸ்-லேக்ஹர்ஸ்ட் கூட்டுத் தளத்திற்கு அக்டோபர் மாதத்தில் பணிமாற்றம் பெறும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவர்களுடைய எட்டு வயது மகன் ஆட்டிசம் உடையவன். திரையிலுள்ள படங்களைத் தொட்டுப் பேசும் கருவியின் துணையோடு வகுப்பில் பங்கேற்கிறான்; வாரத்தில் மூன்று முறை பேச்சுப் பயிற்சி பெறுகிறான். புதிய பள்ளியில் பெற்றோருக்குக் கிடைக்கும் முதற்பதில், "எங்கள் மதிப்பீடு முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்பதாக இருக்கலாம். நியூ ஜெர்சியில் ஒரு குழந்தைக்கு முதன்முறையாகச் சிறப்புக் கல்வி தொடங்குவதற்கு, மதிப்பீட்டுக்குப் பெற்றோர் ஒப்புதல் அளித்த நாளிலிருந்து 90 நாள்கள் வரை ஆகலாம். பேச்சுக்கே கருவியை நம்பியிருக்கும் சிறுவனுக்கு அது மூன்று மாத மௌனம். ஆனால் அந்தப் பதில் சட்டத்திற்கு உட்பட்டதன்று. ஏற்கெனவே தனிநபர் கல்வித் திட்டம், அதாவது ஐ.இ.பி., உள்ள குழந்தைக்கு அந்த 90 நாள் கணக்கு பொருந்தாது.

மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கான கல்வி உரிமை 1975ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தில் வேர்கொண்டது. அச்சட்டம் 1990இல் இன்றைய பெயரைப் பெற்றது, 2004இல் திருத்தப்பட்டது. கல்வியாண்டின் நடுவே பள்ளி மாவட்டம் மாறும் குழந்தைக்கு, பழைய திட்டத்தில் உள்ளவற்றுக்கு நிகரான சேவைகளைப் புதிய மாவட்டம் பெற்றோருடன் கலந்தாலோசித்து வழங்க வேண்டும் என அது விதிக்கிறது. வேறு மாநிலத்திலிருந்து வந்த குழந்தையைப் புதிதாக மதிப்பிடும் உரிமை மாவட்டத்திற்கு உண்டு. எனினும் அம்மதிப்பீடு நடைபெறும் காலத்திலும் சேவை நிற்கலாகாது. நியூ ஜெர்சி விதிகளின்படி, குழந்தை சேர்ந்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் புதிய திட்டம் உருவாகி நடைமுறைக்கு வர வேண்டும்.

இச்சட்டம் படைவீரர் அல்லாத குடும்பங்களுக்கும் பொருந்தும். பணி நிமித்தம் சான் ஹோசேயிலிருந்து எடிசனுக்கு இடம்பெயரும் மென்பொருள் பணியாளரின் குழந்தைக்கும் இதே பாதுகாப்பு உண்டு. படைவீரர் குடும்பங்களுக்கு இதற்கு மேலும் ஒன்று உள்ளது: படைவீரர் குழந்தைகளின் கல்வி வாய்ப்புக்கான மாநிலங்களிடை ஒப்பந்தம். 2008இல் நடைமுறைக்கு வந்த இவ்வொப்பந்தத்தில் 2014க்குள் 50 மாநிலங்களும் இணைந்துவிட்டன. முழுநேரப் பணியில் உள்ளோரின் குழந்தைகளும், பணியாணையின் பேரில் அழைக்கப்பட்ட தேசியக் காவற்படையினர், சேமப்படையினர் ஆகியோரின் குழந்தைகளும் இதன்கீழ் வருவர். பணியில் உயிர்நீத்தோரின் குழந்தைகளுக்கு ஓராண்டு வரை இது நீடிக்கும்.

இந்த ஒப்பந்தத்தின் பயன் கோடையில்தான் மிகுதியாகத் தெரியும். 'நிகரான சேவை' பற்றிய கூட்டாட்சி விதி ஒரே கல்வியாண்டுக்குள் நிகழும் மாற்றத்தையே பேசுகிறது. படைப் பணிமாற்றங்களோ பெரும்பாலும் பள்ளி விடுமுறைக் காலத்தில் நிகழ்கின்றன. கோடையில் வந்து சேர்வோருக்கு, கல்வியாண்டு தொடங்கும் நாளில் குழந்தைக்கு ஒரு திட்டம் நடைமுறையில் இருக்க வேண்டும் என்ற வேறொரு விதி துணைநிற்கிறது. ஒப்பந்தத்திலோ கல்வியாண்டு என்னும் வரம்பே இல்லை. ஜூலை மாதத்தில் வந்து சேரும் படைவீரர் குடும்பம் ஒப்பந்தத்தைப் பெயர் சுட்டியே பள்ளிக்கு எழுதுவது நன்று.

'நிகரான' என்பதற்கு 'அதே' என்று பொருளன்று. பெற்றோர் பெரிதும் ஏமாற்றமடையும் இடம் இதுவே. நியூ ஜெர்சியின் பைரம் நகரியக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில், தனியார் சிறப்புப் பள்ளியில் பயின்ற குழந்தையுடன் ஒரு குடும்பம் மாநிலத்திற்குள்ளேயே மாவட்டம் மாறியது. புதிய மாவட்டம் தன் சொந்தப் பள்ளியில் இடமளிக்க முன்வந்தது. பழைய பள்ளியிலேயே தொடரும் உரிமையைப் பெற்றோர் கோரினர். தாமே முடிவெடுத்து இடம்பெயர்ந்தோருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. மேலதிகாரியின் ஆணையால் மாறும் படைவீரரைத் 'தாமே முடிவெடுத்தவர்' எனக் கொள்ளலாமா என்பது அவ்வழக்கில் எழாத கேள்வி; ஆயினும் அதை நம்பிக் காத்திருப்பது அறிவுடைமையாகாது. சேவையின் வகை, வாரத்திற்கு எத்தனை நிமிடங்கள், தனியாகவா குழுவிலா, எந்தக் கருவி என்பன பழைய திட்டத்தில் எண்களோடு எழுதப்பட்டிருந்தால் மட்டுமே எது நிகர், எது குறைவு என்று வாதிட இயலும். புறப்படுவதற்கு முன்னரே டெக்சாஸில் ஏ.ஆர்.டி. குழுவைக் கூட்டச் சொல்லி அவ்விவரங்களைச் செம்மைப்படுத்திக்கொள்ள வேண்டும். கலிபோர்னியாவில் டிராவிஸ் விமானப்படைத் தளத்தைச் சூழ வாழ்வோர் அங்குள்ள ஐ.இ.பி. குழுவிடம் இதையே கேட்கலாம்.

ஆவணங்களைப் பள்ளிகள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் என்று விட்டுவிடலாகாது. ஒப்பந்தம் அதற்குப் பொதுவாக 10 நாள் கெடு விதித்தாலும், தாயின் கைப்பையில் உள்ள நகல்தான் முதல் நாளில் பயன்படும். திட்டத்தின் நகலைக் கட்டணமின்றிப் பெறும் உரிமை பெற்றோருக்கு உண்டு. அண்மைய மதிப்பீட்டு அறிக்கைகளும் முன்னேற்றக் குறிப்புகளும் உடனிருக்கட்டும். பழைய மாவட்டம் வாங்கித் தந்த பேச்சுக் கருவி பொதுவாக அம்மாவட்டத்தின் உடைமையாகும். அதைத் திருப்பிக் கொடுக்க நேருமா, புதியது எப்போது கிடைக்கும் என்பதைப் பயணத்திற்கு முன்பே எழுத்தில் கேட்டறிய வேண்டும். படைத்தளப் பள்ளித் தொடர்பு அலுவலர் இதில் உதவுவார்.

2009 முதல் சில ஆண்டுகள், குடியுரிமை பெறாத தமிழ் பேசுவோரையும் மொழித்திறன் கருதி அமெரிக்கப் படை ஒரு சிறப்புத் திட்டத்தின்கீழ்ச் சேர்த்தது. படையில் தேவைப்பட்ட அதே தமிழைப் பள்ளிக் கூட்டத்தில் பேசத் தயங்க வேண்டியதில்லை. ஐ.இ.பி. கூட்டத்தில் பெற்றோர் விவாதத்தைப் புரிந்துகொள்வதற்குத் தேவையான மொழிபெயர்ப்பாளரைப் பள்ளியே ஏற்பாடு செய்ய வேண்டும். குழந்தையின் மதிப்பீடும், இயலும்வரை, குழந்தைக்குத் தெரிந்த மொழியில் நடைபெற வேண்டும். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளரும் குழந்தையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பெறும் மதிப்பெண் அதன் திறனைக் காட்டாது.

சேவையை மறுத்தாலும் குறைத்தாலும் அதற்கான காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்க வேண்டும். முன்னறிவிப்பு தருவது மாவட்டத்தின் கடமை. விதிமீறல் நிகழ்ந்த ஓராண்டுக்குள் மாநிலக் கல்வித்துறைக்கு எழுத்து மூலம் முறையிடலாம். பொதுவாக 60 நாள்களுக்குள் முடிவு வரும், வழக்கறிஞர் தேவையில்லை. சேர்க்கை நாள், பழைய திட்டத்தின் நாள், நின்றுபோன சேவைகள் ஆகியவற்றை நாள்வாரியாகக் குறித்து முறையீட்டுடன் இணைக்க வேண்டும்.