ஸ்கோப் வாங்கப் போகும் தம்பிக்கு



ஜெயமங்கலத்தில் பட்டறை போட்டு பம்பு கண்ட்ரோலர் சர்வீஸ் பார்க்கிறாய். ஆசிலோஸ்கோப் 100 மெகாஹெர்ட்ஸ் வாங்கவா, 200 வாங்கவா என்று கேட்டிருந்தாய். உன் வேலைக்கு 50 போதும். நீ கேட்க வேண்டியது மெமரியைப் பற்றி.

வாழைத் தோட்டத்து மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள். சுவிட்சைப் போட்டதும் கண்ட்ரோலர் பிரீக்வென்சியை மெல்ல ஏற்றுகிறது. மூன்றாவது நொடியில் ஓவர்கரண்ட் காட்டி டிரிப் ஆகிறது. காரணம் தெரிய, ஐந்து நொடியை முழுசாகப் பிடிக்க வேண்டும். அதற்குள் நொடிக்கு 4,000 தடவை விழும் ஐஜிபிடி (மோட்டாருக்குப் போகும் கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச்) பல்ஸ்களும் ஒவ்வொன்றாகத் தெரிய வேண்டும்.

பல கல்லூரி லேப்களில் இருக்கும் டெக்ட்ரானிக்ஸ் டிடிஎஸ் 2000 வரிசையில் ஒரு சானலுக்கு மெமரி 2,500 புள்ளிதான். ஐந்து நொடிக்கு அதைப் பரப்பினால் நொடிக்கு 500 சாம்பிள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எட்டு பல்ஸ் ஓடிப்போகும். திரையில் தெரியும் அலை நிஜ அலையே அல்ல. அதை நம்பி நல்ல ஐஜிபிடியைக் கழற்றிப் போடுகிறார்கள், எனக்கு மனசு பதறுகிறது. ரிகோல் டிஎஸ் 1054இசட் போன்ற எளிய ஸ்கோப்பிலேயே 1.2 கோடி புள்ளி உண்டு. அதே ஐந்து நொடியில் ஒரு பல்ஸ் சுற்றுக்கு 600 சாம்பிள் கிடைக்கும். ஒருமுறை பிடித்துவிட்டு, டிரிப் ஆன இடத்தை ஜூம் செய்து நிதானமாகப் பார்க்கலாம்.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 'நொடிக்கு 100 கோடி சாம்பிள்' வேகத்திலேயே ஓட்டினால், அந்த 1.2 கோடியும் 12 மில்லிசெகண்டில் தீர்ந்துவிடும். நம் கரண்டின் ஒரு சுற்றுக்கே 20 மில்லிசெகண்ட் வேண்டும். வேகத்தைத் தாங்கிப்பிடிப்பது மெமரிதான். நாலு சானலையும் போட்டால் அதுவும் நாலாகப் பிரியும்; மூன்று பேஸ் பார்க்கிற உனக்கு இது முக்கியம்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் மதுரையில் வாங்கினாலும் காசு கொடுக்கும் முன் எல்லா சானலையும் ஆன் செய்யச் சொல். டைம்பேஸைக் கட்டத்துக்கு அரை நொடி வை. திரையில் காட்டும் சாம்பிள் ரேட்டைப் படித்துக் குறித்துக்கொள். மிச்சக் காசில் டிபரன்ஷியல் புரோப் வாங்கு. 415 வோல்ட் மூன்று பேஸில் ஓடும் கண்ட்ரோலரின் உள்ளே டிசி சுமார் 587 வோல்ட் நிற்கும்; சாதா புரோப்பின் எர்த் கிளிப்பை அதில் ஒருநாளும் மாட்டாதே.