பக்கத்துக் கட்டடத்தில் கேட்டிருந்தால்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்தது. நான்கு துறைகள் சேர்ந்து நடத்தப்போகும் ஏரி ஆய்வுக்கு உன்னை ஒருங்கிணைப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் மூன்று நாள் தலைமைப் பண்புப் பயிற்சிக்கும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய்: "எனக்குத் தெரிந்தது வேதியியல் மட்டும். மற்ற மூன்றையும் படிக்காமல் எப்படித் தலைமை தாங்குவது?" படித்ததும் எரிச்சல்தான் வந்தது. உன் மேல் இல்லை, உன்னை இப்படிக் கேட்க வைத்த நினைப்பின் மேல். பல்துறை ஆய்வுக்குத் தலைவர் என்றால் எல்லாத் துறைகளையும் கரைத்துக் குடித்தவர் என்று நம் பல்கலைக்கழகங்களில் ஓர் எண்ணம் வேரோடிக் கிடக்கிறது. அப்படி ஒருவர் எங்கும் இருந்ததில்லை. இல்லாத ஆளைத் தேடுவதில்தான் பாதித் திட்டங்கள் படுத்துவிடுகின்றன.

கேம்பிரிட்ஜில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நீ வேதியியல்காரன் என்பதால் உனக்கு இன்னும் உறைக்கும்.

1950-இல் கேவண்டிஷ் ஆய்வகத்தில் மூன்று பேர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவர் லாரன்ஸ் பிராக். இருபத்தைந்து வயதிலேயே நோபல் பரிசு வாங்கியவர், ஆய்வகத்தின் தலைவர். மற்ற இருவர் மேக்ஸ் பெருட்ஸும் ஜான் கென்ட்ரூவும். புரதச் சங்கிலி எந்தெந்த வடிவங்களில் சுருளக்கூடும் என்று அவர்கள் ஒவ்வொன்றாக அலசியிருந்தார்கள். அத்தனையும் தவறு. பெப்டைடு பிணைப்பு சமதளமாக இருக்கும், அதைச் சுற்றிச் சங்கிலி இஷ்டத்துக்குத் திரும்பாது என்பது உனக்கு இளங்கலையிலேயே தெரியும். அந்த மூவரும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. போதாக்குறைக்கு, சுருளின் ஒரு சுற்றில் அமினோ அமிலங்கள் முழு எண்ணிக்கையில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு படிகவியல் பிடிவாதம் வேறு. 1951-இல் அமெரிக்காவிலிருந்து வேதியியல்காரர் லைனஸ் பாலிங் ஆல்ஃபா சுருளை வெளியிட்டார். ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலம், பிணைப்பு சமதளம்.

பெருட்ஸ் அந்தக் கட்டுரையைப் படித்தது ஒரு சனிக்கிழமை காலையில். மதியச் சாப்பாட்டுக்குச் சைக்கிளில் வீட்டுக்குப் போனவருக்கு, குழந்தைகள் பேசுவது காதில் ஏறவில்லை. அந்தச் சுருள் உண்மையானால் எக்ஸ்-கதிர் படத்தில் 1.5 ஆங்ஸ்ட்ரம் இடைவெளிக்கு ஒரு புள்ளி விழ வேண்டும். யாரும் அதைத் தேடியதே இல்லை. ஆய்வகத்துக்குத் திரும்பி, மேசை இழுப்பறையில் கிடந்த குதிரை முடி ஒன்றைச் சரியான கோணத்தில் சாய்த்து வைத்துப் படமெடுத்தார். புள்ளி விழுந்திருந்தது. திங்கட்கிழமை படத்தோடு பிராக்கின் அறைக்குள் நுழைந்தார். எப்படித் தோன்றியது என்று பிராக் கேட்டதற்கு, இவ்வளவு அழகான அமைப்பு நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்ற கோபத்தில்தான் என்றார். உன்னை இன்னும் முன்னாலேயே கோபப்படுத்தியிருக்கலாமே என்றாராம் பிராக். பிற்காலத்தில் பெருட்ஸ் தன் கட்டுரைத் தொகுப்பு ஒன்றுக்கு அதையே தலைப்பாக்கிக்கொண்டார். கிடைத்தால் வாசி, விஞ்ஞானிகள் எழுதியதில் இவ்வளவு சரளமான நடை அதிகம் இல்லை. போர்க்காலத்தில் லண்டன் ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தைக்கு அடியில் இருந்த குளிர்கிடங்கில், பனிக்கட்டியும் மரக்கூழும் கலந்து கப்பல் கட்டும் திட்டத்துக்காக அவர் உழைத்ததைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அது வேறு கதை; ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது.

எல்லோரும் இந்தக் குதிரை முடியைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு இதற்கு அடுத்த காட்சிதான் முக்கியம். கேவண்டிஷிலிருந்து கூப்பிடு தூரத்தில் வேதியியல் ஆய்வகம். அங்கே பேராசிரியர் அலெக்சாண்டர் டாட். 1957-இல் நோபல் வாங்கப்போகிறவர். பாலிங்கின் கட்டுரை வந்த பிறகு பிராக் அவரைத் தேடிப் போனார். பாலிங் இந்த வடிவத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டார். பிணைப்பு சமதளம் என்று எந்த ஆண்டு வந்து கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனே என்ற பொருளில் டாட் பதில் சொன்னதை அவரே நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். இத்தனைக்கும் பெருட்ஸ் வியன்னாவில் வேதியியல் படித்தவர்! தெரிந்தவர் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தார், போய்க் கேட்கும் வழக்கம் மட்டும் இல்லை. அதற்குப் பிறகு, வேதியியல்காரர்கள் பார்க்காமல் இப்படி ஓர் அமைப்பை வெளியிடுவதில்லை என்று பிராக் முடிவெடுத்தார். 1953-இல் பிராக்கின் ஆய்வகத்தில் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ. மாதிரியைக் கட்டி முடித்ததும் டாட் வந்து பார்த்தார்.

அதே டி.என்.ஏ. கதையில் பெருட்ஸ் சறுக்கியதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். லண்டன் கிங்ஸ் கல்லூரியைப் பார்வையிட்ட மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் குழுவில் அவர் ஓர் உறுப்பினர். அந்த வகையில் 1952 டிசம்பரில் அவர் கைக்கு வந்த அறிக்கையில், அந்தக் கல்லூரியில் டி.என்.ஏ.வை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்த ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் அளவுகள் இருந்தன. வாட்சனும் கிரிக்கும் கேட்டபோது எடுத்துக் கொடுத்துவிட்டார். ஃபிராங்க்ளினிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1968-இல் இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிய வாட்சனின் புத்தகம் வந்து சர்ச்சை கிளம்பிய பிறகு, மறு ஆண்டே பெருட்ஸ் விளக்கம் எழுதினார்: அறிக்கை ரகசியமானது அல்ல, ஆனாலும் நிர்வாக விஷயங்களில் எனக்கு அப்போது அனுபவம் இல்லை, அசட்டையாக இருந்துவிட்டேன் என்றார். ஃபிராங்க்ளின் இறந்து அப்போது பத்து வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

நீ பயிற்சிக்குப் போவதை நான் தடுக்காததற்குக் காரணம் இதுதான். யாருடைய தரவை யார், யாரைக் கேட்டு, எப்போது பார்க்கலாம் என்பது அறிவுக்கூர்மையால் தானாக வந்துவிடாது. பெருட்ஸுக்கே வரவில்லை.

ஆனால் அவர் கற்றுக்கொண்டார். 1962-இல் கேம்பிரிட்ஜில் மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் திறந்தபோது அதற்கு அவர்தான் தலைவர். இயக்குநர் பதவி வேண்டாம், குழுத் தலைவர் என்றால் போதும், ஆய்வு மேசையை விட மாட்டேன் என்றார். கருவிகளும் பண்டகசாலையும் எல்லோருக்கும் பொது. மேல்மாடியில் சிற்றுண்டிச்சாலை, அதைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர் அவர் மனைவி கிசெலா. காலைக் காபி, மதியச் சாப்பாடு, மாலைத் தேநீர் என மூன்று வேளையும் இயற்பியல்காரரும் மரபியல்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். டாட்டைத் தேடிப் போகாத தவறுக்குச் செய்த பரிகாரம் அந்தச் சிற்றுண்டிச்சாலைதான் என்பது என் கட்சி. மிகைப்படுத்துகிறேன் என்று சக பேராசிரியர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். 1963-இல் அந்த ஆய்வகத்தின் சிட்னி பிரென்னர், ஒரு சின்னப் புழுவை வைத்து வளர்ச்சியையும் நரம்பு மண்டலத்தையும் ஆராயப் போகிறேன் என்று பெருட்ஸுக்குக் கடிதம் எழுதினார். அந்தப் புழுவின் மரபியல் பற்றிய பெரிய கட்டுரை வந்தது 1974-இல். 302 நரம்பணுக்களின் இணைப்பு வரைபடம் வந்தது 1986-இல். நம் ஊரில் ஆறு மாதத்துக்கு ஒரு முன்னேற்ற அறிக்கை கேட்கிறார்களே, அவர்கள் இந்த ஆண்டுகளைக் கழித்துப் பார்க்கட்டும். துறை தாண்டி வந்தவர்களுக்கும் அங்கே இடம் இருந்தது. இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு மறுபடி உயிரியல் மாணவராக வகுப்பில் உட்கார்ந்தவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 1999-இல் அவர் போய்ச் சேர்ந்ததும் இதே ஆய்வகத்தில்தான்.

இங்கேயும் உதாரணம் இல்லாமல் போகவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் மகப்பேறு மருத்துவர். இயற்பியல் துறைக்கு ஆள் தேடியபோது சி.வி. ராமனைக் கேட்டார், ராமன் கைகாட்டியது ஜி.என். ராமச்சந்திரனை. 1952-இல் முப்பதை ஒட்டிய வயதில் துறைத்தலைவர்! தோல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்திலேயே இருந்தது. கொலாஜன் மாதிரியை ராமச்சந்திரன் அங்கே கேட்டு வாங்கினார். 1954-இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கொலாஜனின் மூன்றிழை அமைப்பை வெளியிட்டார். முதலியாருக்கு எக்ஸ்-கதிர் படிகவியல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. யாரைக் கேட்பது என்று தெரிந்திருந்தது.

இனி, உன் பயிற்சி. வெளிநாட்டில் இதை ஒழுங்காகச் செய்தவர்கள் உண்டு. 2002-இல் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் பரோஸ் வெல்கம் நிதியமும் இளம் ஆய்வாளர்களுக்காக ஒரு வகுப்பு நடத்தின. கூட்டாய்வு ஒப்பந்தம், தரவு மேலாண்மை, கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதை எப்போது பேசுவது, இவையெல்லாம் பாடம். அதை நூலாக்கி, 2006-இல் இரண்டாம் பதிப்பும் கொண்டுவந்து, இணையத்தில் இலவசமாகவே விட்டிருக்கிறார்கள். ஐடஹோ பல்கலைக்கழகத்தில் ஒரு பூச்சியியல்காரரும் ஒரு தத்துவப் பேராசிரியரும் சேர்ந்து இன்னொன்று செய்தார்கள். கருதுகோள் இல்லாத ஆய்வு ஆய்வாகுமா என்பது போன்ற வாக்கியங்கள் அச்சிட்ட தாளைக் குழுவில் எல்லோருக்கும் கொடுப்பார்கள். அவரவர் உடன்பாட்டுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். பிறகு பேச்சு. வருடக்கணக்காகச் சேர்ந்து வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஒன்றும் இன்னொருவர் ஐந்தும் போட்டிருப்பது அப்போதுதான் வெளியே வரும். இதை உன் ஏரிக் குழுவில் செலவில்லாமல் செய்யலாம். உன் சமூகவியல் தோழர் கருதுகோள் கேள்விக்கு என்ன போடுகிறார் என்று பார்த்து எனக்கு எழுது.

நீ அனுப்பிய நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். முதல் நாள் முழுக்க ஆளுமை வகைத் தேர்வும் உறிஞ்சுகுழல்களால் கோபுரம் கட்டுவதும். அதற்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் அளவுக்கு மரியாதை போதும். இரண்டாம் நாள் பிற்பகல், நிதி விதிகள் பற்றிப் பல்கலைக்கழக நிதி அலுவலர் பேசுகிறார் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. அதைத் தவறவிடாதே, முன்வரிசையில் உட்கார். நான்கு துறையும் பொதுவாக ஒரு கருவி வாங்கினால் அது யார் இருப்புப் பதிவேட்டில் ஏறும், பழுதானால் யார் செலவு என்று கேள். தேநீர் இடைவேளையில் அவரோடேயே போ. புள்ளியியல் துறைக்காரரைப் பயிற்சி முடிந்து வந்துதான் பார்ப்பேன் என்று எழுதியிருக்கிறாயே, வேண்டாம். ஏரியில் முதல் குப்பி தண்ணீர் எடுப்பதற்கு முன்னால், இந்த வாரமே போய்ப் பார்.

அன்புடன்,
உன் ஆசிரியர்