வயிறு நிறைந்த வண்டு

நாம் தாளிக்கும் கடுகு எங்கே விளைகிறது தெரியுமா? பெரும்பாலும் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், அரியானா போன்ற வட மாநிலங்களில்தான். அங்கே அக்டோபரில் கடுகு விதைப்பார்கள். மார்கழி, தை மாதங்களில் வயல் மஞ்சளாகப் பூத்து நிற்கும். அப்போதுதான் அசுவினி வரும்.

அசுவினி மிகச் சிறிய பூச்சி. சில ஊர்களில் செடிப்பேன் என்பார்கள். பூங்கொத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். செடி வாடும். காய் சூம்பும்.

அசுவினியைத் தின்ன ஒரு வண்டு உண்டு. அதுதான் பொறிவண்டு. சிவப்பு முதுகு, அதில் ஏழு கறுப்புப் புள்ளிகள். ஒரு வண்டு ஒரு நாளில் சுமார் 50 அசுவினிகளைத் தின்னும்.

வண்டு இருந்தால் பயிர் தப்பிவிடுமா? எப்போதும் தப்புவதில்லை. வண்டுக்கும் ஒரு வயிறுதான்! பசித்த வண்டு வேகமாக இரை தேடும். வயிறு நிறைய நிறைய வேகம் குறையும். வயிறு முட்டிவிட்டால், பக்கத்தில் இருக்கும் அசுவினியைக்கூடத் தொடாது. தின்றது செரித்தால்தான் மறுபடி பசிக்கும். கல்யாண வீட்டில் அண்டா நிறையச் சோறு இருக்கிறது. அதற்காக ஒருவர் பத்துப் பேர் சாப்பாட்டைச் சாப்பிட முடியுமா? குளிர் காலத்தில் வண்டுக்குச் செரிப்பதும் தாமதமாகும்.

கனடா நாட்டு அறிவியலாளர் ஹாலிங் 1960-களில் கும்பிடுபூச்சியை வைத்து இதைச் சோதித்தார். பட்டினி கிடந்த பூச்சி, தள்ளி இருந்த ஈயையும் பிடிக்கப் போனது. வயிறு நிறைந்த பூச்சி, கிட்டே வந்த ஈயையும் விட்டுவிட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பாத்தியில் 10 வண்டுகள் இருக்கின்றன. அவை நாளுக்கு 500 அசுவினிகளைத் தின்னும். பாத்தியில் 400 அசுவினி இருந்தால் கவலை இல்லை. 5,000 இருந்தால்? அன்றும் 500தான் தின்னும். மீதி 4,500 பெருகும். அசுவினி நேராகக் குட்டி போடும். அந்தக் குட்டி பத்து நாளுக்குள் தானும் குட்டி போடும். வண்டின் முட்டையோ வண்டாக வளர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.

அதனால் அசுவினி கொஞ்சமாக இருக்கும்போதே கவனிக்க வேண்டும். முதலில் வயல் ஓரத்துச் செடிகளில்தான் அது தெரியும். அந்தக் கொத்துகளை ஒடித்து அழித்துவிட்டால், மீதியை வண்டுகள் பார்த்துக்கொள்ளும். கண்டவுடன் மருந்து அடித்தால் வண்டும் சேர்ந்து சாகும். அடித்தே ஆகவேண்டும் என்றால் மாலையில் அடிப்பது நல்லது. கடுகுப் பூவுக்கு வரும் தேனீக்கள் அதற்குள் கூட்டுக்குத் திரும்பியிருக்கும்.