கேஸ் ஸ்டடி எடுக்கப் போறியா தங்கச்சி? இதைப் பார்த்துட்டுப் போ

நர்சிங் காலேஜ்ல புதுசா டியூட்டரா சேர்ந்திருக்கே. காலையில வார்டு, மத்தியானம் கிளாஸ், நேரம் இல்லைதான். அதுக்காகப் புத்தகத்து கேஸை ஜெராக்ஸ் எடுத்து நீட்டாதே. புதுக்கோட்டையில இல்லாத கேஸா?

1. நோயோட பேரைத் தலைப்புல போடாதே. போட்டா விடையைப் பார்த்து எழுதிடுவாங்க. இப்படித் தொடங்கு: "ஆலங்குடி பக்கம் முந்திரிக்காடு. 40 வயசு அம்மா. சருகுக்குள்ள கொட்டை பொறுக்கும்போது காலில் சுருக்குன்னுச்சு. கயிறு இறுக்கிக் கட்டி ஆட்டோவுல வந்திருக்காங்க. கால் வீக்கம், ஈறுல ரத்தக் கசிவு." அதோட நிறுத்து. "முதல்ல என்ன செய்வே?"ன்னு கேளு.

2. அடுத்த விவரத்தைக் கொஞ்சம் பொறுத்துக் குடு. இந்தப் பாம்புக்கடி கேஸுக்கு உயிர்நாடி 20 நிமிஷ ரத்த உறைவு டெஸ்ட். சுத்தமான, உலர்ந்த கண்ணாடி டியூப்ல 2 மில்லி ரத்தம், 20 நிமிஷம் அசைக்கக் கூடாது, அப்புறம் ஒரே தடவை சாய்க்கணும். உறையலைன்னா விரியன் விஷம்னு சந்தேகப்படணும். பிள்ளைங்க பிளாஸ்டிக் டியூப்பை எடுக்கும், இல்லேன்னா சோப்புல கழுவினதை எடுக்கும். அதுல நல்ல ரத்தம்கூட உறையாமப் போகலாம். சாயத் தண்ணி ஊத்தின டியூப்பை மேசையில வச்சு, கடிகாரத்தையும் வை.

3. அந்த 20 நிமிஷம்தான் உன் வகுப்பு. "நர்ஸ் அதுவரை சும்மா நிப்பாளா?"ன்னு கேளு. வீக்கம் எங்க வரைக்கும் ஏறியிருக்குன்னு பேனாவால கோடு போடணும். சிறுநீர் அளவும் நிறமும் பார்க்கணும், விரியன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். விஷமுறிவு மருந்துக்கு முன்னாடியே அட்ரினலின் தயாரா இருக்கணும். டாக்டர் பக்கத்துல இல்லாம, ஐவி லைன் போடாம, கயிற்றைச் சட்டுனு அவுக்கக் கூடாது. பழக்கதோஷத்துல டிடி ஊசியைத் தசையில குத்தப் போறவளைப் பிடிச்சு நிறுத்து. ரத்தம் உறையாதவங்களுக்கு அங்கேயே ரத்தம் கட்டிக்கும்.

4. குழுவுக்கு 5, 6 பேர் போதும். பேசாத பொண்ணை முதல்ல பேச விடு.

5. நோயாளி பேரு, தெரு, போட்டோ எதுவும் வேண்டாம். அவங்க சொந்தக்காரப் பொண்ணே உன் வகுப்புல உட்கார்ந்திருக்கலாம்.

6. "படிக்காதவங்க, கயிறு கட்டிட்டாங்க"ன்னு எவளாவது சிரிச்சா விட்டுடாதே. பயத்துல தெரிஞ்சதைச் செஞ்சாங்க. டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்த வீட்டுக்கு எப்படி எடுத்துச் சொல்லுவேன்னு அவளையே நடிச்சுக் காட்டச் சொல்லு.

7. பார்டர் போட்ட ரெக்கார்டு நோட்டுக்கு மார்க் போடாதே, ஏன் செஞ்சேன்னு எழுதின வரிக்குப் போடு. சீனியர் நோட்டைப் பார்த்து எழுதுவாங்களேன்னு புதுக் கேஸ் தேடி அலைய வேண்டாம், விவரத்தை மாத்து. ராத்திரி தரையில படுத்தவரைக் கட்டுவிரியன் கடிச்சதா வை. பேருல விரியன் இருந்தாலும் அது வேற ரகம். கடித்தடமே தெரியாமப் போகலாம், ரத்தமும் உறையும், ஆனா இமை தொங்கும், மூச்சு திணறும். பழைய நோட்டு அங்க உதவாது.